நல்ல பிரதியைத் தேடி

இத்தாலிய நவயதார்த்தத் திரைப்படங்களைப் பற்றி நமது முற்போக்கு வட்டாரங்களில் பேசப்பட்டது அதிகம், பார்க்கப்பட்டது குறைவு. டி சிகா, ரொஸெலினி, விஸ்கொந்தி என்ற பெயர்கள் ஒலிக்காத இலக்கியக் கூட்டமே ஒரு காலத்தில் இருந்ததில்லை. ஆனால் அப்பெயர்களை ஒலித்தவர்களிற் பலர் அப்படங்களை எழுத்தின் வாயிலாகவே அறிந்திருந்தனர். இதனை நான் குறையாகக் கூறவில்லை. காண்பதற்கு வழியில்லாதிருந்தது. கொழும்பில் இருந்தவர்களுக்காவது திரைப்படக் கழகங்கள் இருந்தன. சப்ரகமுவத் தோட்டங்களில் வாழ்ந்த எங்களுக்குக் கொழும்பே வெகுதூரம்.

கேகாலை மாவட்டத்தில், றப்பரும் தேயிலையும் கலந்து கிடக்கும் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியனாகப் பணிபுரியும் நான், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக இப்படங்களின் நல்ல பிரதிகளைத் தேடி வருகிறேன். ‘நல்ல’ என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன். ஏதோ ஒரு பிரதி கிடைப்பது இன்று கடினமன்று. கைத்தொலைபேசி வைத்திருக்கும் எந்த மாணவனும் ‘சைக்கிள் திருடர்க’ளைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்த பின் அவன் காண்பது என்ன என்பதே கேள்வி.

தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் உழைத்த தோழர் ஒருவர் என்னிடம் ஒருமுறை கேட்டார்: “மாஸ்டர், லயத்துக்கு ஒழுங்கா தண்ணி வரல்ல. நீங்க இத்தாலிப் படத்துக்குச் சுத்தமான தட்டுத் தேடிக்கிட்டிருக்கீங்க. கதை வெளங்கினாப் போதாதா?” அவர் பரிகாசமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்டார். உள்ளடக்கம் இருக்க உருவத்தைப் பற்றிக் கவலைப்படுவது கனவான்களின் பொழுதுபோக்கு என்று கருதும் தோழர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். இக்கட்டுரை ஒருவகையில் அவருக்கு நான் அன்று சொல்லத் தொடங்கிய பதிலின் தொடர்ச்சியே.

இப்படங்கள் எங்களுக்கு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு தேதியே போதுமானது. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பரில். ‘சைக்கிள் திருடர்கள்’ இத்தாலியில் திரைக்கு வந்ததும் அதே நவம்பரில்தான். இது தற்செயலேயன்றி வேறில்லை. எனினும், கையில் ஒரு காகிதம் இல்லாததால் மனிதன் மனிதனல்லாதவனாக ஆகிவிடுவதை எங்கள் பாட்டனார் தலைமுறை பிரசைகள் பதிவுக் கந்தோர்களின் வாசலில் அனுபவித்துக் கொண்டிருந்த அதே நாட்களில், சைக்கிள் இல்லாததால் வேலை இழக்கும் ஒருவனின் பின்னால் ஒரு கமரா உரோமாபுரியின் தெருக்களில் நடந்துகொண்டிருந்தது. அவனாக நடித்த லம்பேர்த்தோ மஜ்ஜொரானி நடிகரல்லர். ப்ரெடா ஆலைத் தொழிலாளி. படம் உலகப் புகழ் பெற்றது. அவரோ ஆலைக்குத் திரும்பிச் சென்று, பின்னர் வேலையிழந்தார். படத்தின் கதையைப் படத்துக்கு வெளியே அவர் மீண்டும் ஒருமுறை நடிக்க நேர்ந்தது, இம்முறை சம்பளமின்றி.

இந்த ஒரு படத்தின் பெயரிலேயே பதிப்புகளின் பிரச்சினை தொடங்கிவிடுகிறது. இத்தாலியப் பெயர் பன்மை: ‘சைக்கிள் திருடர்கள்’. அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் அதை ஒருமையாக்கி, ‘சைக்கிள் திருடன்’ என்று விளம்பரம் செய்தார்கள். ஓர் எழுத்தின் வேறுபாடு என்று எண்ண வேண்டாம். ஒருமையில் கூறினால் திருடன் ஒருவன், பறிகொடுத்தவன் ஒருவன். அது பொலிஸ் வழக்கு. பன்மையில் கூறினால், பறிகொடுத்தவனும் இறுதியில் திருடக் கைநீட்டும்படி ஆக்கிய சமுதாயம் முழுவதும் வழக்கில் அகப்பட்டுக் கொள்கிறது. அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2007இல் வெளியிட்ட டி.வி.டி.யின் உறையில்தான் அந்நாட்டில் பன்மைப் பெயர் நிலைபெற்றது. ஒரு நல்ல பதிப்பு செய்யக்கூடிய முதற்பணி இதுவே: படத்தின் பெயரைப் படத்துக்குத் திருப்பிக் கொடுப்பது.

எங்கள் தோட்டங்களுக்குத் திரைப்படம் வந்த வழியைப் பற்றி ஒரு வார்த்தை. எண்பதுகளில் தீபாவளிக்கோ, ஒரு வீட்டுச் சடங்குக்கோ பட்டணத்திலிருந்து ‘டெக்’கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்குக் கொண்டுவருவார்கள். லயத்து இஸ்தோப்பில் பெட்டியை வைத்து, இரவு முழுதும் மூன்று நான்கு படங்கள் ஓடும். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் விடியும்வரை விழித்திருப்பார்கள். பார்ப்பவர்கள் அப்படியே பிரட்டுக்குப் போவார்கள். பலமுறை பிரதி எடுத்த கசெட்டுகள் அவை. முகங்கள் நீலமாகவும், பாடல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலவும் இருக்கும். யாரும் முறைப்பட்டதில்லை. எங்களுக்கு வந்து சேரும் எதுவும் மூன்றாம் கை, நான்காம் கை என்பதற்கு நாங்கள் பழகியிருந்தோம். தேயிலையிலும் அப்படித்தான்: நல்ல தூள் கப்பலேறும், கழிவுத் தூள் லயத்துக்கு வரும்.

பின்னர் வீ.சி.டி. வந்தது; அதன் பின் டி.வி.டி. வந்தது. கொழும்பு நடைபாதையில் நான் முதன்முதல் வாங்கிய இத்தாலியத் தட்டு ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். எங்கோ கிழக்காசியாவில் திருட்டுத்தனமாக அச்சானது. அதன் ஆங்கில உபதலைப்புகள் சீன மொழியிலிருந்து இயந்திரம் பெயர்த்தவை போலும். தந்தையும் மகனும் உணவகத்தில் அமர்ந்து உண்ணும் அருமையான காட்சியில் அவர்கள் கப்பற் போக்குவரத்தைப் பற்றிப் பேசிக் கொண்டார்கள். திருட்டுத் தட்டில் ‘திருடர்கள்’ படத்தைப் பார்ப்பதில் ஒரு பொருத்தம் உண்டு என்று நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிறுவன் தன் தந்தையின் கையைப் பற்றிக்கொள்ளும் இறுதிக் காட்சியில், சிறுவனின் கண்களில் நீர் இருக்கிறதா இல்லையா என்பதே அந்தத் தட்டில் தெரியவில்லை. தொழிற்சங்கத் தோழருக்கு நான் கூற விரும்பியது இதுதான். ஏழையின் முகத்தைக் காட்டுவதற்காகவே எடுத்த படத்தில் ஏழையின் முகம் கரியாகத் தெரியுமானால், அங்கே கதை எங்கே விளங்குகிறது?

வீ.சி.டி.யில் ஒரு படம் அகலத்தில் 352, உயரத்தில் 288 புள்ளிகளாகக் கரைக்கப்படுகிறது. டி.வி.டி.யில் அது 720க்கு 576. புளூரேயில் 1920க்கு 1080. ஆனால் எண்ணிக்கை மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. கமராவில் ஓடிய மூல நெகடிவிலிருந்து எடுத்ததா, அரங்குகளில் ஓடி ஓடித் தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்ததா என்பதே தலையாய கேள்வி. அன்றியும், 1940களின் படச்சட்டம் ஏறத்தாழச் சதுரமானது. இன்றைய அகலத் தொலைக்காட்சியில் அதை நிரப்புவதற்காகப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். வயிறு ஒட்டிய வேலையில்லாதவன் கொழுத்த கனவானாகத் தோன்றுகிறான்! நம் நாட்டில் வழங்கும் பால் முறைத் தட்டுகளிற் பலவற்றில் வேறொரு விந்தையும் உண்டு. விநாடிக்கு 24 சட்டங்களாக எடுத்த படம் 25ஆக ஓடும். 89 நிமிடப் படம் எண்பத்தைந்தரை நிமிடத்தில் முடிந்துவிடும்; குரல்களும் சற்றுக் கீச்சென்று ஒலிக்கும். இத்தாலியத் தொழிலாளியை இங்கும் அவசரப்படுத்துகிறார்களே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நல்ல பதிப்புகள் இல்லாமலில்லை. இத்தாலியின் பொலோஞா நகரம் நெடுங்காலம் கம்யூனிஸ்டுகள் நகராட்சி நடத்திய இடம். அங்குள்ள திரைப்படக் காப்பகம் 1986 முதல் ஆண்டுதோறும் மீட்டெடுத்த பழைய படங்களுக்கென்றே ஒரு விழாவை நடத்தி வருகிறது. அந்நகரின் புதுப்பிக்கும் கூடம் 1992இல் தொடங்கியது. அங்கே நெகடிவின் ஒவ்வொரு சட்டத்தையும் கழுவி, கிழிசலை ஒட்டி, கீறலை நீக்கி உயிர்ப்பிக்கிறார்கள். அந்தப் பிரதிகளே பின்னர் நல்ல தட்டுகளாக வெளிவருகின்றன. ஆனால் அவை எங்களை வந்தடைய இரண்டு வேலிகளைத் தாண்ட வேண்டும்.

ஒன்று, வலய எண். டி.வி.டி. வணிகர்கள் உலகை ஆறு வலயங்களாகக் கூறுபோட்டார்கள். வட அமெரிக்கா முதலாம் வலயம். மேற்கு ஐரோப்பா இரண்டாம் வலயம். இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், ஆபிரிக்காவின் பெரும்பகுதி, ருஷ்யா எல்லாம் ஐந்தாம் வலயம். தோழமை மோசமில்லை என்று மனத்தைத் தேற்றிக் கொள்ளலாம். ஆனால் அமெரிக்கத் தட்டு நம் பெட்டியில் ஓடாது. நல்லவேளையாக, எந்த வலயத்தையும் மதிக்காத மலிவான சீனப் பெட்டிகள் சந்தைக்கு வந்து இந்த எல்லைக் கோடுகளை அழித்துவிட்டன.

மற்ற வேலியை எந்தச் சீனப் பெட்டியாலும் அழிக்க முடியவில்லை. கிரைட்டீரியன் புளூரே ஒன்றின் விலை 39.95 டொலர். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் பெரும் போராட்டத்தின் பின் 1000 ரூபா ஆயிற்று. டொலர் அப்போது 200 ரூபா. ஆக ஒரு தட்டு, தபாற் செலவு நீங்கலாக, எட்டு நாட் கொழுந்து. அடுத்த ஆண்டு பொருளாதாரம் சரிந்து டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே தட்டு பதினான்கு நாட்களைத் தாண்டிற்று. எட்டு மணி நேரம் மலையேறிப் பறித்தும் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ போடும் கணக்கையும் சேர்த்தால், உழைப்பாளியைப் பற்றிய ஒரு படத்தை வாங்க உழைப்பாளி ஒரு மாதம் உழைக்க வேண்டும். ஆசிரியனாகிய எனக்கு இவ்வளவு கடினமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஆண்டுக்கு ஒரு தட்டு என்ற விரதத்தை நான் தாண்டியதில்லை.

தட்டுக் கிடைத்துவிட்டால் போதுமா? மொழி இருக்கிறதே! ஆங்கில உபதலைப்பை வாசித்துத் தொடரும் ஆற்றல் எங்கள் மாணவர்களிற் சிலருக்கே உண்டு. அவர்களின் தாய்மாருக்கு அறவே இல்லை. தமிழில் உபதலைப்பு உடைய இத்தாலியத் தட்டு எதுவும் என் கைக்கு எட்டியதில்லை. ஆகவே நானே எழுதத் தொடங்கினேன். கணினியில் ஒவ்வொரு வசனத்துக்கும் அது தோன்றும் விநாடியையும் மறையும் விநாடியையும் குறித்து, இடையே தமிழை வைக்க வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று, நான்கு மாதங்கள் பிடிக்கும். இந்த வேலையில் எனக்கு வாய்த்த பேரனுபவம் விஸ்கொந்தியின் ‘நிலம் நடுங்குகிறது’.

1948இல் வெளிவந்த இப்படம், இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பண உதவியோடு சிசிலித் தீவில் தொடங்கப்பட்டது. மீனவர், சுரங்கத் தொழிலாளர், உழவர் என்று மூன்று பாகமாகத் திட்டமிட்டு, மீனவர் பாகம் மட்டுமே நிறைவேறிற்று. ஆச்சித்ரெத்ஸா என்ற மீனவக் கிராமத்து மக்களே நடித்தார்கள். தங்கள் சொந்தப் பேச்சிலேயே பேசினார்கள். சிசிலியில் இத்தாலிய மொழி ஏழைகளின் மொழியன்று என்று படத்தின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சு இத்தாலியருக்கே விளங்காது என்பதால், பின்னர் இத்தாலிய மொழியில் ஒரு விளக்கக் குரலைச் சேர்த்தார்கள். 1956இல் ஒரே ஒரு மொழியை அரசமொழியாக்கிய நாட்டில், அதிலும் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த சப்ரகமுவத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இந்த அறிவிப்பு என்ன செய்யும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். கச்சேரிக்குப் போனாலும், பொலிசுக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நமக்காக இன்னொருவர் பேசும் விளக்கக் குரலை நம்பி வாழ்பவர்கள் நாங்கள்.

என்னிடம் இருந்த பிரதியின் ஆங்கில உபதலைப்பு மிகவும் சுருங்கியது. ஐந்து பேர் ஒரே நேரத்தில் சண்டையிடுவார்கள். கீழே ஒரு வரி ஓடும். அந்த இடைவெளிகளை நிரப்ப எனக்கு உதவியவர், ஆசிரிய பயிற்சிக் கலாசாலையில் என்னோடு பயின்ற யாழ்ப்பாணத்து நண்பரின் தமையனார். அவர் பலெர்மோவில் இருக்கிறார். அந்நகரில் நம்மவர் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். வீடுகளைத் துடைத்தும், கிழவர்களைப் பராமரித்தும், உணவகங்களிற் கோப்பை கழுவியும் பிழைக்கிறார்கள். அந்நகரின் காவற் புனிதையான ரொசாலியாவின் மலைக் கோயிலுக்குச் சைவரும் கத்தோலிக்கரும் ஒன்றாகவே ஏறிப்போகிறார்கள். தொலைபேசியில் நான் ஒரு காட்சியை ஒலிக்கச் செய்தேன். சற்று நேரம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “மாஸ்டர், இது இத்தாலியன் இல்லை. இது இஞ்ச சந்தையில கதைக்கிற பாஷை. கொஞ்சம் வேறை மாதிரி இருக்கு, ஆனா விளங்குது.” பள்ளிக்கூடத்தில் இத்தாலி படித்தவருக்கு விளங்காதது, சந்தையிலும் சமையலறையிலும் மொழி கற்ற அவருக்கு விளங்கிற்று. எட்டு மாதங்கள் ஞாயிறு தோறும் அவர் கேட்டுச் சொல்ல நான் எழுதினேன். யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் எங்களைக் குறிக்க வழங்கிய சொல்லை இங்கே எழுத வேண்டியதில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக் கொண்டதுமில்லை. ஒருநாள் அவராகவே, “இஞ்ச வந்தாப் பிறகுதான் அண்ணை, கூலி எண்டா என்னெண்டு தெரிஞ்சது” என்றார். அவர் என்னைவிட வயதில் மூத்தவர். அன்றுதான் என்னை ‘அண்ணை’ என்றழைத்தார்.

எந்தத் தமிழில் எழுதுவது என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. சென்னைத் திரைத் தமிழும் வேண்டாம், பாடநூல் தமிழும் வேண்டாம். விஸ்கொந்தி தம் மீனவரை ஊர்ப் பேச்சில் பேசவிட்டார். நான் அவர்களை லயத்துப் பேச்சில் பேசவிட்டேன். விளக்கக் குரலுக்கு மட்டும் செந்தமிழ். கதாநாயகன் ந்தோனி எங்கள் ‘அந்தோனி’ ஆனான். அந்தப் பெயர் இல்லாத தோட்டம் ஏது? மீனை அடிமாட்டு விலைக்கு வாங்கும் மொத்த வியாபாரிகள் ‘மொதலாளிமாரு’ ஆனார்கள்.

ஒரு போயா விடுமுறை நாளில் பாடசாலை மண்டபத்தின் யன்னல்களைச் சாக்கால் மறைத்துப் படத்தைக் காட்டினோம். ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரப் படம். சண்டையில்லை, பாட்டில்லை. பாதியில் எழுந்து போய்விடுவார்கள் என்று அதிபர் எச்சரித்தார். சிலர் போகவும் செய்தார்கள். ஆனால் ஓரிடத்தில், வியாபாரிகளின் மோசடியைப் பொறுக்கமாட்டாத அந்தோனி அவர்களின் தராசைப் பிடுங்கிக் கடலில் வீசுகிறான். பின் வரிசையில் இருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கூவினார்கள். அந்தக் கூச்சலை நான் விளக்க வேண்டுமா? காலை முதல் பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து தராசில் வைக்கும்போது, சாக்குக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கிலோக் கணக்கில் கழித்து எழுதப்படுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து நிற்பவர்கள் அவர்கள். என் தாயாரும் அந்த வரிசையில் நின்றவர். தராசு என்ற பொருளுக்கு உலகத்தில் எங்களைவிட நல்ல விமரிசகர்கள் கிடைக்கமாட்டார்கள்.

பிரதி மங்கலாயிருந்தால் அந்தக் கூச்சல் எழுந்திராது. புயலில் படகு திரும்பாத நாளில், கறுப்புச் சால்வை போர்த்த பெண்கள் கரும்பாறைகளின் மேல் கடலைப் பார்த்து நிற்கும் காட்சி ஒன்று உண்டு. என்னிடம் முன்பிருந்த வீ.சி.டி.யில் அது வெறும் கறுப்புத் திட்டு. பெண்களும் இல்லை, பாறைகளும் இல்லை. நல்ல தட்டில் ஒவ்வொருத்தியின் சால்வையையும் காற்று தனித்தனியே பறிக்கிறது. மண்டபத்தில் அப்போது ஓர் இருமல் கூடக் கேட்கவில்லை.

டி சான்டிஸின் ‘கசந்த அரிசி’ 1949இல் வந்தது. வெர்ச்செல்லி வயல்களுக்கு நாற்று நடவும் களை பறிக்கவும் ரயிலேறி வரும் கூலிப் பெண்களின் கதை. ஒப்பந்தம் பெற்று வந்தவர்களும் ஒப்பந்தமின்றி வந்தவர்களும் தம்முள் அடித்துக் கொள்கிறார்கள். பின்னர் இருசாராரும் சேர்ந்து நிற்கப் படிக்கிறார்கள். வேலை நேரத்தில் பேசக்கூடாது என்பதால் பெண்கள் செய்திகளைப் பாட்டாகப் பாடிக் கொள்கிறார்கள். இப்படத்தைக் குறித்து அக்காலத்து இடதுசாரி விமரிசகர்கள் முகம் சுளித்ததை நான் அறிவேன்: சில்வானா மங்கானோவின் கவர்ச்சியும், அமெரிக்க நடனமும், களவும் கொலையும் சேர்ந்து படத்தைக் கெடுத்துவிட்டன என்றார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. கூலிக்காரப் பெண்ணுக்கு நகைமீதும் நடனத்தின்மீதும் ஆசை வரக்கூடாது என்று எந்தத் தத்துவம் கூறுகிறது? அவள் ஏமாந்து போவது அந்த ஆசையால் மட்டுமன்று, அதை நிறைவேற்ற நேர்வழி எதுவும் அவளுக்குத் திறந்திராமையால். 2016இல் வெளிவந்த கிரைட்டீரியன் பதிப்பு அருமையானது. நீர் நிறைந்த வயலின் பளபளப்பில் ஒவ்வொரு முதுகும் தெரிகிறது.

இந்தக் காட்சிக்குப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்தும் பத்துப் பன்னிரண்டு இளைஞர் வந்திருந்தார்கள். வயலை அறிந்தவர்கள் அவர்கள்; கூலி வரிசையை அறிந்தவர்கள் எங்களவர்கள். நான் இரு மொழியிலும் மாறி மாறி விளக்கினேன். இறுதியில் செத்துக் கிடக்கும் சில்வானாவின் உடல்மீது, கூலியாகப் பெற்ற அரிசியிலிருந்து ஒவ்வொரு பெண்ணும் ஒரு பிடி எடுத்துத் தூவிவிட்டுப் போகிறாள். “வாய்க்கரிசி போடுறாங்க” என்றாள் முன் வரிசையிலிருந்த ஒரு சிறுமி. என் உபதலைப்பில் அந்த இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, எழுதத் தேவையுமில்லை.

ஒல்மியின் ‘மரக் காலணி மரம்’ 1978இல் கான் விழாவின் முதற் பரிசைப் பெற்றது. மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்டது. பெர்காமோ வட்டாரத்து உழவர்கள் தங்கள் வட்டாரப் பேச்சில் நடித்தார்கள். இத்தாலிய மொழியில் பதிவு செய்த ஒலித்தடம் ஒன்றும் உண்டு; 2017இல் வந்த கிரைட்டீரியன் பதிப்பில் இரண்டும் இருக்கின்றன. உழவர் குடும்பங்கள் ஒரே நீண்ட கட்டடத்தில் குடியிருக்கின்றன. வீடும், நிலமும், மாடுகளும், மரங்களும் நிலப்பிரபுவுக்குச் சொந்தம். பள்ளிக்கு நெடுந்தூரம் நடக்கும் மகனின் மரக்காலணி பிளந்துவிடுகிறது. தந்தை இரவில் ஒரு மரத்தை வெட்டிப் புதிய காலணி செய்து கொடுக்கிறான். அது தெரிந்துவிடுகிறது. குடும்பம் வெளியேற்றப்படுகிறது. அயலவர் யன்னலுக்குப் பின் நின்று பார்க்கிறார்கள். யாரும் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை.

அந்த மௌனம் பிற்போக்கானது, ஒல்மி ஒரு கத்தோலிக்கர், ஆகையால் பணிவைப் போதிக்கிறார் என்று கூறியவர்கள் உண்டு. கேகாலை மாவட்டத்தின் உருளவள்ளித் தோட்டத்தில் 1946இல் தொழிலாளர் தங்களை வெளியேற்றுவதை எதிர்த்துப் போராடிய வரலாறு எங்களுக்கு இருக்கிறது. ஆகவே மௌனமே உழைப்பாளியின் இயல்பு என்று நாங்கள் ஒருபோதும் ஒப்பமாட்டோம். எனினும் ஒல்மி காட்டியது பொய்யன்று. 1977இல் இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் வன்செயல் நடந்தபோது என் பெரியப்பா குடும்பம் ஓர் இரவில் லொறியேறி வவுனியாவுக்குப் போயிற்று. பார்த்து நின்றவர்கள் கெட்டவர்களல்லர், பயந்தவர்கள். வண்டியில் பாயும் பானையும் ஏற்றும் அந்தக் கடைசிக் காட்சி வந்தபோது என் பெரியம்மா எழுந்து வெளியே போய்விட்டார். படம் முடிந்ததும், “அவங்க லாந்தர் எடுக்க மறந்துட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார். வண்டியின் பின்னால் லாந்தர் ஆடிக்கொண்டு போவதை நான் சொன்ன பிறகே அவருக்கு நிம்மதி.

இத்தகைய படங்களைப் பிள்ளைகளுக்கு ஏன் காட்டுகிறீர்கள், எல்லாம் கவலைப் படங்களாக இருக்கின்றனவே என்று ஒரு கல்வி அதிகாரி என்னிடம் வருத்தப்பட்டார். டி சிகாவின் ‘உம்பேர்த்தோ டி.’ வெளிவந்த 1952இல், திரைப்படத் துறைக்குப் பொறுப்பாயிருந்த அந்திரேயோத்தி என்ற அரசியல்வாதியும் இதே வருத்தத்தைத்தான் பகிரங்கமாக வெளியிட்டார். ஓய்வூதியம் போதாத ஒரு கிழவரையும் அவருடைய நாயையும் காட்டினால் இத்தாலியின் மானம் போய்விடுமாம். ஏழு மலை, ஏழு கடல் தாண்டினாலும் அதிகாரிகளின் கவலை ஒன்றாகவே இருக்கிறது.

இவ்வளவு எழுதும்போது ஒரு கசப்பை மறைக்க முடியவில்லை. உரோமாபுரியின் பசியை அதன் மூல நெகடிவின் துலக்கத்தோடு எங்களால் இன்று பார்க்க முடிகிறது. எங்கள் பசியைப் பார்க்க முடியவில்லை. மலையகத் தொழிற்சங்கவாதியான வீ. பி. கணேசன் 1975இல் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’, தோட்டத்து வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்த படம். புதுப்பித்த தட்டு ஒன்றுக்காக நான் தட்டாத கதவில்லை. 1983 யூலையில் ஹெந்தளையின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது எரிந்தவை தமிழருக்கு மட்டும் உரியனவல்ல. சிங்களப் படங்களின் நெகடிவுகளும் அங்கே சாம்பலாயின. இனவெறி கொளுத்திய தீ தன் இனத்தின் நினைவையும் தின்றது. மீட்கப்பட்டவையும் உண்டு. பிலிப் குணவர்தனவின் சகோதரர் மகளான சுமித்ரா பீரிஸ் இயக்கிய ‘கெஹெனு லமய்’ புதுப்பிக்கப்பெற்று 2025இல் கான் விழாவில் திரையேறிற்று. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ 2013இல் வெனிஸ் விழாவில் புதுப்பித்த பிரதியாகக் காட்டப்பட்டது. அந்த வரிசையில் தோட்டத்தின் படம் ஒன்று நிற்பதை நான் காண விரும்புகிறேன்.

இப்போது என் மேசைமேல் இருப்பது மொனிசெல்லியின் ‘தோழர்கள்’; 1963இல் வந்தது, 2012இல் நல்ல பதிப்புப் பெற்றது. தூரின் நகரத்து நெசவாலையில் நாளுக்குப் பதினான்கு மணி நேர வேலை. பொலிசுக்குத் தப்பித் திரியும் ஓர் ஆசிரியராக மாஸ்ட்ரோயானி வருகிறார். கிழிந்த காலுறையும், பசியும், தடித்த மூக்குக் கண்ணாடியுமாக வேலைநிறுத்தத்தை நடத்துகிறார். ஆலையில் உழைக்கும் ஒமேரோ என்ற சிறுவன் தன் தம்பி படிக்க வேண்டும் என்பதற்காக அவனை அடிப்பான். ஒமேரோவைச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்ற பின், கடைசிக் காட்சியில் அந்தத் தம்பி ஆலை வாசலுக்குள் நுழைகிறான். எங்கள் வகுப்பின் இடாப்பில், க.பொ.த. சாதாரண தரத்துக்கு முன்னரே கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனவர்களின் பெயர்களுக்கு எதிரே சிவப்புக் கோடுகள் இருக்கின்றன.

உபதலைப்பு முற்பாதி முடிந்துவிட்டது. ஆலைத் தொழிலாளர் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஊதிவிடத் திட்டமிடும் அந்தச் சங்குக்கு எங்கள் ஸ்டோர்க்காரர்கள் வழங்கும் சொல்லைப் போட்டிருக்கிறேன். ‘கசந்த அரிசி’யும் ‘நிலம் நடுங்குகிற’தும் பலாங்கொடைப் பக்கத்து ஓர் ஆசிரியையிடம் இரவலில் இருக்கின்றன, அங்கிருந்து இறக்குவானைக்குப் போகும். தமிழ்க் கோப்புகளை யார் கேட்டாலும் கொடுக்கிறேன், தட்டுகளை மட்டும் கைச்சாத்து வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறேன்.